ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்

பெண் பார்க்கும் படலம் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடத்து ஜமுக்காளத்திலிருந்து எழுந்து கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கோ ஒரு வீட்டின் பின்னறையில் ஒருவனோ ஒருத்தியோ, மிஞ்சிப்போனால் மூன்று நான்கு பேர் சேர்ந்தோ, வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டு ஒரு வீடியோ கேம் செய்து முடிக்கிறார்கள். பின்னால் பெரிய கம்பெனி கிடையாது. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. இண்டி கேம் என்று அதற்குப் பெயர். அதை வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க நாம் புறப்படுகிறோம் பாருங்கள், அந்தத் தோரணைக்கு முன்னால் பழைய காலத்து மாப்பிள்ளை வீட்டார் கைகட்டி நிற்க வேண்டும்.

முதலில் டெமோ. அதாவது பஜ்ஜி, சொஜ்ஜி. காசு இல்லை, வயிறு முட்டச் சாப்பிடலாம். அடுத்து ட்ரெய்லர். பெண்ணைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கள், ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். கால் சரியாக இருக்கிறதா, குரல் சரியாக இருக்கிறதா? அப்புறம் ஜாதகம். ஸ்டீம் என்கிற மிகப்பெரிய இணையக் கடையில் ஒரு விளையாட்டுக்குப் பத்துப் பேராவது ரிவ்யூ எழுதினால்தான் அதன் நெற்றியில் 'பெரும்பாலும் பாராட்டு', 'கலவையான கருத்து' என்று ஏதாவது ஒரு பட்டம் ஏறும். ஒன்பது பேர் புகழ்ந்து தள்ளினாலும் நெற்றி வெறும் நெற்றிதான். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரிலிருந்து போன யாரோ ஒரு ஜோசியர் அந்த அமெரிக்கக் கம்பெனியில் ரகசியமாக வேலை பார்க்கிறார் என்பது என் சந்தேகம்.

எல்லாம் பிடித்துப்போகிறது. பெண் லட்சணம், ஜாதகம் அம்சம், பஜ்ஜி பிரமாதம். ஏப்பம் விட்டுக்கொண்டே எழுந்து, வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று கிளம்புகிறோம். இந்த லெட்டருக்கு ஸ்டீமில் விஷ்லிஸ்ட் என்று பெயர். பிடித்த விளையாட்டையெல்லாம் அதில் போட்டு வைக்கலாம். போட்டு வைத்தவர்களுக்கு வாங்கிவிட்ட திருப்தி வந்துவிடும். என்னுடைய விஷ்லிஸ்டில் இன்றைய தேதிக்கு 143 பெண்கள் காத்திருக்கிறார்கள். சிலருக்கு நான் வாக்குக் கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது. தள்ளுபடி அறிவித்தால் உடனே மின்னஞ்சல் வரும். வரதட்சிணை எவ்வளவு என்று தெரியாமல் எந்த மாப்பிள்ளை வீடு லெட்டர் போட்டிருக்கிறது?

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். கை நிறையச் சம்பளம். போன வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா மாப்ளே, பரீட்சையா?"

"கேம் ஒண்ணு வாங்கலாமான்னு பாக்கறனுங்க மாமா."

"நல்லா இல்லையா?"

"சூப்பரா இருக்குதாமாங்க. ஆனா மூணு மணி நேரத்துல முடிஞ்சிருமாமா. மணிக்கு நூத்தம்பது ரூபா விழுகுது. கட்டுபடியாகாதுங்க மாமா."

மணிக்கு நூற்றைம்பது ரூபாய். வாடகைக் கார் கணக்குப் போல. அதே வாரம்தான் பெரிய கம்பெனி ஒன்றின் சண்டை விளையாட்டில் தன் துப்பாக்கிக்கு மயில் நீலத்தில் உறை வாங்கியிருந்தான். ஸ்கின் என்கிறார்கள். எண்ணூறு ரூபாய். துப்பாக்கி முன்பு எப்படிச் சுட்டதோ அப்படியேதான் சுடும். நிறம்தான் வேறு. அந்த நிறம் மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று கேட்டேன்.

"அது வேறங்க மாமா."

இந்த மூன்று சொற்களை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். இன்டர்வெல்லில் பாப்கார்ன் வாங்கிக் கொறித்தது? அது வேறங்க மாமா. முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்துப் போய், பாதியில் தூங்கிவிட்டு வந்தது? அது வேறங்க மாமா. நூறு மணி நேரம் ஓடும் என்பதற்காக ஒரு பெரிய கம்பெனியின் கேமை நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கி, ஆறு மணி நேரத்தில் சலித்துப்போய் மூடி வைத்தது? அதுவும் வேறுதான். மணிக்கணக்குத் தராசு நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம், சின்னவன் எவனாவது கடை விரித்தால் வெளியே எடுக்கிறோம்.

இந்தத் தராசில் வள்ளுவரை வைத்துப் பாருங்கள். "ஐயா, இது மொத்தமே ஒன்றே முக்கால் அடிதானே, அந்தப் பக்கத்துக்காரர் பத்தாயிரம் பாட்டுக்கு அதே விலை சொல்கிறாரே, பாதிக்குக் கொடும்" என்று பேரம் பேசியிருப்போம். குறள் வெண்பாவுக்கே இந்தக் கதி என்றால் நிஜ 'வெண்பா'வுக்கு என்ன நடந்திருக்கும்?

நிஜமாகவே நடந்தது. 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம்: வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கேயே பிறந்து வளரும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. அழிந்த இடத்தை யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதிலேயே முதல் புதிர். மகனுக்குத் தமிழ் மெல்ல மெல்ல நழுவிப் போவதும், அம்மா பேசுவதில் பாதி அவன் காதில் விழாமல் போவதும் சமையலுக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகு ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போன் போடாமல் இருக்க முடிந்தால் உங்கள் நெஞ்சைக் கொண்டுபோய்த் தர்மபுரிப் பக்கம் கல்குவாரியில் விற்கலாம்.

2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவில் தலைமைப் பரிசு 'வெண்பா'வுக்குப் போனது. அடுத்த மாதமே பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுகப் படைப்பு என்று விருது கொடுத்தது. அவ்வளவுதான், நம் வாட்ஸாப் குழுக்களுக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. உலக அரங்கில் தமிழ்! இட்லிக்கு பாஃப்டா! தமிழன்டா! எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் அந்தச் செய்தி ஒரே வாரத்தில் நாலு தடவை சுற்றி வந்தது. வாங்கியவர் எத்தனை பேர் என்று விசாரித்தேன். ஒருவரும் இல்லை. நானும்தான் வாங்கவில்லை, என்னுடைய லெட்டர் பட்டியலில் இருந்தது. வெளிநாட்டில் அதன் விலை 15 டாலர். இங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் சொன்ன ஒரே குறை என்ன தெரியுமா? சின்னதா முடிஞ்சிடுச்சு ப்ரோ.

சின்னதாக முடிகிறதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2015 ஜூனில் ஸ்டீம் ஒரு சலுகை கொண்டுவந்தது. வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், எந்தக் காரணம் சொன்னாலும் பணம் திரும்பி வரும். நியாயமான ஏற்பாடுதான். பாதி வெந்த சரக்கை விற்கிற கம்பெனிகளிடமிருந்து வாடிக்கையாளரைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது. ஆனால் நாற்பது மணி நேர விளையாட்டுக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் ருசி பார்ப்பது. ஒன்றரை மணி நேர விளையாட்டுக்கு அதே இரண்டு மணி நேரம் என்பது, தலைவாழை இலை போட்டு, சாம்பார், ரசம், மோர் எல்லாம் ஒரு சுற்று முடித்து, பாயசத்தை அப்பளம் நொறுக்கிப் போட்டு வழித்துச் சாப்பிட்டு, பீடாவும் வாங்கிப் போட்டுக்கொண்டு, கல்லாவில் வந்து "சாப்பாடு மனசுக்கு ஒட்டலை, காசைத் திருப்பிக் கொடு" என்பது. 2021 ஆகஸ்டில் எமிக்கா கேம்ஸ் என்ற பெயரில் பேய்க்கதை விளையாட்டுகள் செய்துவந்த ஒருவர் இதைத்தான் சொல்லி, விளையாட்டு செய்வதிலிருந்து காலவரையின்றி விலகுகிறேன் என்று அறிவித்தார். அவருடைய 'சம்மர் ஆஃப் 58' இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற விளையாட்டு. ரிவ்யூக்கள் நன்றாக இருந்தன. நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்கள் இருந்தார்கள், முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிப் போனவர்கள் ஏராளமாக இருந்தார்கள்.

அதற்கு எட்டு மாதம் முன்னால் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2020 டிசம்பரில் போலந்து நாட்டின் சிடி பிராஜெக்ட் கம்பெனி 'சைபர்பங்க் 2077' வெளியிட்டது. வெளிவருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். பெண்ணைப் பார்க்கவில்லை, பஜ்ஜி சாப்பிடவில்லை, ஜாதகம் வாங்கவில்லை. போஸ்டரைப் பார்த்தே தாலி கட்டிவிட்டார்கள். பழைய பிளேஸ்டேஷனில் அது நொண்டி நடந்த அழகைப் பார்த்து சோனி ஒரே வாரத்தில் தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. திரும்ப வைக்க அடுத்த ஜூன் ஆனது. அந்த 80 லட்சம் பேரில் ஒருத்தராவது பணம் கட்டுவதற்கு முன் "மணிக்கு எவ்வளவு விழுகுது" என்று கேட்டிருப்பாரா? அண்ணாச்சி கடைக் கொத்தமல்லிக் கட்டுக்குத்தான் பேரம். மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கொத்தமல்லிக்கு பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

சரி, நாம் யோசித்துத்தான் வாங்குகிறோம், எச்சரிக்கையான ஆட்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாமே? அதுவும் முடியாது. 2018 ஜூனில் இன்னர்ஸ்லாத் என்ற மூன்று பேர் கம்பெனி 'அமாங் அஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. விண்கலத்தில் அப்போது பத்துப் பேர் வரை, அவர்களுக்குள் கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். போனில் இலவசம், கம்ப்யூட்டரில் 5 டாலர். இரண்டு வருஷம் ஈ ஓட்டினார்கள். 2020இல் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தபோது பெரிய பெரிய ஸ்ட்ரீமர்கள் அதை எடுத்து விளையாடிக் காட்டினார்கள். செப்டம்பரில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் நாலு லட்சம் பேருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னர்ஸ்லாத் அதற்கு முந்தின மாதம்தான் இரண்டாம் பாகம் செய்யப்போவதாக அறிவித்திருந்தது. வந்த கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் அந்தத் திட்டத்தையே கைவிட்டு, முதல் பாகத்தைச் செப்பனிட உட்கார்ந்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் கூட அக்டோபரில் நேரலையில் ஆடினார்.

அதே விளையாட்டு. அதே 5 டாலர். அதே கொலைகாரன். இரண்டு வருஷமாக நம் நுண்ணறிவும் தராசும் எங்கே போயிருந்தன? அந்த இரண்டு வருஷமும் யாரும் ஆராய்ந்து ஒதுக்கவில்லை, பார்க்கவே இல்லை. அப்புறம் யாரும் ஆராய்ந்து ஏற்கவும் இல்லை, முன்னால் போன ஆடு வேலி தாண்டியது, தாண்டினோம். கோயில் வாசலில் செருப்பு நிறையக் கிடந்தால்தான் சாமிக்குச் சக்தி இருக்கிறது என்று உள்ளே போகிற பக்தி இது.

ஸ்ட்ரீமர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு வரவில்லை. 2016 ஜனவரியில் 'தட் டிராகன், கேன்சர்' என்று ஒரு விளையாட்டு வந்தது. அமெரிக்காவில் ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதிக்கு ஜோயல் என்று ஒரு மகன். ஒரு வயதிலேயே புற்றுநோய். அவனோடு ஆஸ்பத்திரியில் கழித்த இரவுகளை, பிரார்த்தனைகளை, அவன் சிரிப்பை எல்லாம் சிலர் சேர்ந்து விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தபோதே, 2014இல், ஐந்து வயதில் ஜோயல் போய்விட்டான். வேலையைத் தொடர்ந்து முடித்தார்கள். யூடியூபில் ஸ்ட்ரீமர்கள் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஆடிக் காட்டினார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கண்ணீர் விட்டார்கள், கீழே உருகி உருகி எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து ரயன் கிரீன் எழுதினார்: விற்பனையிலிருந்து எங்கள் கைக்கு இதுவரை ஒரு டாலர் கூட வரவில்லை. பார்த்து மனம் கரைந்தவர்கள் ஒன்றிரண்டு டாலராவது கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்கும் நிலைக்கு அந்த அப்பன் வந்தார்.

துக்கம் கேட்கப் போனவன்கூட நம் ஊரில் கையில் ஏதாவது கொண்டுபோவான். இங்கே துக்கத்தைத் திரைபோட்டுக் காட்டியவனுக்கு விளம்பரக் காசு, பார்த்தவனுக்கு ஓசியில் ஒரு அழுகை, பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குப் பூஜ்யம். "பாத்தாச்சே, இனி எதுக்கு வாங்கணும்?" என்று கேட்கிறான் பாருங்கள் ஒருத்தன், அவனிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அச்சில் ஏற்ற முடியாது.

ஓசி என்றால் நம் ஆட்கள் எதுவரை போவார்கள் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பரிசோதனை நடந்தது. கிளக் சகோதரர்கள் இருவர், கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற பெயரில், 2013 ஏப்ரலில் 'கேம் டெவ் டைகூன்' வெளியிட்டார்கள். ஒரு கேம் கம்பெனியை நடத்துவதுதான் விளையாட்டு. விற்பனைக்கு வைத்த கையோடு, திருட்டுப் பதிப்பு போல் ஒன்றையும் தாங்களே இணையத்தில் அவிழ்த்துவிட்டார்கள். அதில் ஒரே ஒரு வித்தியாசம்: கொஞ்ச தூரம் போனதும், ஆடுபவர் உள்ளே நடத்தும் கம்பெனியின் விளையாட்டுகளைத் திருட்டுப் பதிப்பாளர்கள் சுருட்டிக்கொண்டு போவார்கள், கம்பெனி திவால் ஆகும். முதல் நாள் முடிவில் காசு கொடுத்து வாங்கியவர்கள் 214 பேர். திருட்டுப் பதிப்பில் ஆடியவர்கள் 3,104 பேர். கூத்து இனிமேல்தான். அந்த 3,104 பேரில் சிலர் இணையத்தில் வந்து முறையிட ஆரம்பித்தார்கள்: ஐயோ, கஷ்டப்பட்டு நான் செய்கிற கேமை எல்லோரும் திருடுகிறார்கள், இதைத் தடுக்க வழியே இல்லையா, இது என்ன அநியாயம்! வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாங்காய் அடித்தவன், அந்தப் பக்கம் போய் நின்றதும் தோப்புக்காரன் மாதிரி வயிறெரிந்தான்.

விலைதான் காரணம் என்று ஒரு வாதம் வரும். 2010 மே மாதம் ஹம்பிள் இண்டி பண்டில் என்று ஐந்தாறு விளையாட்டுகளைக் கட்டி, எவ்வளவு இஷ்டமோ கொடுங்கள், ஒரு சென்ட் கொடுத்தாலும் சரி, அதிலும் தர்மத்துக்குப் பங்கு உண்டு என்று விற்றார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நல்ல மனசுக்காரர்களும் உலகத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இறக்கியவர்களில் கால்வாசிப் பேர் அந்த ஒரு சென்ட்டும் கொடுக்காமல் இறக்கியிருப்பார்கள் என்று நடத்தியவர்களே கணக்குச் சொன்னார்கள். உண்டியலில் போட ஒரு சல்லிக்காசு கேட்டால், உண்டியலுக்கு அடியில் புகுந்து சன்னிதிக்குப் போகிறவர்கள்.

அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. 'த்ரீஸ்' என்ற எண் விளையாட்டை முக்கியமாக இரண்டு பேர் பதினான்கு மாதம் இழைத்து 2014 பிப்ரவரியில் 2 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே '2048' வந்தது. இத்தாலியப் பையன் ஒருவன், பத்தொன்பது வயது, ஒரு சனி ஞாயிறில் செய்து இலவசமாக விட்டான். உங்கள் அத்தை உட்பட எல்லோரும் ஆடினார்கள். அப்புறம் த்ரீஸைப் பார்த்தவர்களில் சிலர் அதை என்ன சொன்னார்கள் தெரியுமா? இது 2048ஐப் பார்த்துச் செய்த காப்பி.

இப்படி வடிகட்டி வடிகட்டி மிஞ்சுகிற காசுக்கு வருவோம். ஸ்டீம் கடை வாசலில் நிற்கவே 100 டாலர் கட்ட வேண்டும். ஆயிரம் டாலர் விற்றால் அது திரும்பி வரும், விற்காவிட்டால் போனதுதான். 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கு மேல் புதிய விளையாட்டுகள் வந்தன. அந்தத் திருவிழாக் கூட்டத்தில் தொலையாமல் எவனாவது நாலு பிரதி விற்றால், கடைக்காரருக்கு 30 சதவீதம். எல்லோருக்கும் அப்படித்தானே என்கிறீர்களா? 2018 கடைசியில் விதி மாறியது. ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால், அதற்கு மேற்பட்ட வருமானத்தில் 25 சதவீதம். ஐந்து கோடி டாலருக்கு மேல் போனால் 20. தெருவோரம் தள்ளுவண்டியில் கடலை வறுக்கிறவனுக்கு முழு வாடகை, ஏழு மாடி ஜவுளிக்கடைக்குச் சலுகை வாடகை. கடைக்காரரைத் திட்டி ஆவதென்ன, அவரும் நம்மிடம் படித்தவர்தான்.

ரிவ்யூ எழுதுகிற மகான்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2,000 மணி நேரம் ஆடிவிட்டு 'பரிந்துரைக்கவில்லை' என்று கட்டை விரலைக் கீழே காட்டுவார்கள். வருஷக்கணக்கில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை என்று சொல்கிற வீட்டு மாப்பிள்ளைகள். 2017 செப்டம்பரில் யூடியூபர் பியூடிபை நேரலையில் இனவெறிச் சொல் ஒன்றை உதிர்த்தார். 'ஃபயர்வாட்ச்' செய்த காம்போ சாண்டோ நிறுவனம், எங்கள் விளையாட்டை வைத்து இந்த ஆள் வீடியோ போடக் கூடாது என்று காப்புரிமை நோட்டீஸ் அனுப்பியது. மறுநாளிலிருந்து ஃபயர்வாட்சின் ஸ்டீம் பக்கத்தில் கல்மாரி. காட்டுத் தீயைக் கண்காணிக்கிற ஒரு மனிதனைப் பற்றிய அமைதியான விளையாட்டு அது. அதில் எந்தக் குறையும் புதிதாக முளைக்கவில்லை. நீங்கள் ஜாதகம் பார்க்கிற அந்த எண், பல சமயம் பெண்ணின் ஜாதகமே கிடையாது, பெண் வீட்டார் மேல் எவனுக்கோ இருக்கிற கடுப்பு.

சின்னவனிலேயே ஒருவன் பெரியவனாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி, 2017இல் 'ஹாலோ நைட்' என்று 15 டாலருக்கு ஒரு விளையாட்டு விட்டது. அருமையான வேலை. அடுத்த பாகமான 'சில்க்சாங்' 2019இல் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு வந்தது. கூட்டம் தாங்காமல் ஸ்டீமே படுத்துவிட்டது. தேதி தெரிந்ததும் எத்தனையோ சின்ன விளையாட்டுக்காரர்கள் தங்கள் வெளியீட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு ஓடினார்கள், தீபாவளிக்குப் பெரிய நடிகர் படம் வருகிறது என்று தெரிந்த சின்னத் தயாரிப்பாளர் மாதிரி. முதல் பாகத்தில் லட்சக்கணக்கான பிரதிகள் விற்று, ஆறு வருஷம் அவசரமில்லாமல் உட்கார்ந்து செய்ய முடிந்தவர்களின் விலை அது. உடனே நம் தராசு எழுந்து நின்றது: அவ்வளவு பெரிசே 20 டாலர் என்றால், உன் சுண்டைக்காய்க்கு எதற்கு 15?

நியாயம் பேசியாக வேண்டும். 18,000 விளையாட்டில் குப்பை நிறைய. கடையில் கிடைக்கிற பொம்மைகளை ஒட்டிப் பத்தே நாளில் செய்து காசு பறிக்கிற ஆட்களும் அதற்குள் இருக்கிறார்கள். கல்லூரிப் பையனுக்கு ஐநூறு ரூபாய் என்பது பத்து நாள் மத்தியானச் சாப்பாடு. அவன் நூறு தடவை யோசிக்கட்டும், தள்ளுபடிக்குக் காத்திருக்கட்டும், அவன் பக்கம் என் விரல் நீளவில்லை. டெமோ ஆடிப் பார்த்துப் பிடிக்காமல் போனால் வாங்க வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. பரிதாபத்துக்கு வாங்குவது இன்னும் மோசம், அது பிச்சை. மயில் நீல உறைக்கு எண்ணூறு ரூபாயைக் கண் சிமிட்டாமல் தள்ளிவிட்டு, மூன்று வருஷ உழைப்பின் முன்னால் மட்டும் கால்குலேட்டரைத் தட்டுகிறவனைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

போன பொங்கலுக்கு மறுபடி கோயம்புத்தூர் போனேன். இந்தத் தடவை விடுவதில்லை என்று முதல் நாள் ராத்திரியே அவனைப் பிடித்து உட்கார வைத்து, விருதுக் கதையெல்லாம் சொல்லி, நம்ம பாஷைடா, நம்ம இட்லிடா என்று இனப்பற்றையும் ஊட்டி, அவன் போனிலிருந்து யுபிஐயில் பணம் கட்ட வைத்து 'வெண்பா'வை வாங்க வைத்தேன். ரொம்ப நாள் வாக்குக் கொடுத்து வைத்திருந்த நானும் அன்றைக்கே வாங்கினேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். ராத்திரியே முடித்துவிட்டிருக்கிறான்.

"எப்படிடா இருந்துச்சு?"

"அழுதுட்டனுங்க மாமா. கடைசியில அந்தப் பையன் அம்மா கிட்ட..." குரல் அடைத்துக்கொண்டு நிறுத்தினான். எனக்குப் பெருமையாகிவிட்டது. தட்டிக்கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினான்.

"மாமா, ஒண்ணேகால் மணி நேரந்தானுங்க ஆகியிருக்குது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது."

"எதுக்குடா?"

"இங்க காரணம் கேக்குதுங்க மாமா. தவறுதலா வாங்கிட்டேன்னு போடட்டுங்களா, பிடிக்கலைன்னு போடட்டுங்களா?"

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "டேய், ரெண்டு பேரும் வாங்கடா, இட்லி ஆறுது."